"பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?": வேலைக்குத் திரும்பும் தோட்டப்புறப் பெற்றோருக்கான நேர்முகத் தேர்வு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்கா 1996-இல் திறக்கப்பட்டதிலிருந்து பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போகும் திசை மாறிவிட்டது. பாட்டி பால்மரம் வெட்டினார். அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார். மகள் விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறுகிறாள். பாட்டி காலத்தில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போனார்கள். கொட்டகை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, ஆயாவுக்குச் சம்பளமும் தோட்டமே கொடுத்தது. "உன் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?" என்று எந்தக் கிராணியும் (தோட்டக் கணக்கரும்) கேட்டிருக்க மாட்டார், அவருக்கே தெரியும். இன்று லயன் வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தாயிற்று. கொட்டகை வரவில்லை, கேள்வி மட்டும் வந்திருக்கிறது.

நான் சில காலம் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். அங்கே உட்கார்ந்தவரின் கவலை உங்கள் பிள்ளை அல்ல. ஷிப்ட் தொடங்கும்போது அந்த மெஷின் முன்னால் ஆள் நிற்குமா என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றே: கேள்வி பிள்ளையைப் பற்றி வந்தாலும் பதிலை நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் அப்படிச் சொல்ல முடிய வேண்டும் என்றால் வீட்டில் ஏற்பாடு உண்மையாகவே முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதில் பாதி நேர்முகத் தேர்வுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது.

இப்படிக் கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா?

இணையத்தில் தேடினால், "இந்தக் கேள்வியைக் கேட்பதே சட்டவிரோதம், பதில் சொல்ல மறுத்துவிடுங்கள்" என்று வரும். அதில் பெரும்பாலானவை வேறு நாட்டுக்காரர்கள் அவர்கள் நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதியவை. கூலிமில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் வேலைதான் போகும்.

இங்கே நிலைமை இப்படி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதில் 69எஃப் என்ற பிரிவு புதிதாகச் சேர்ந்தது. வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாகத் தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். நல்ல பிரிவுதான். ஆனால் அது ஊழியருக்கும் முதலாளிக்கும் நடுவே வரும் தகராறு. இன்னும் வேலையில் சேராமல் நேர்முகத் தேர்வு அறையில் உட்கார்ந்திருப்பவர் ஊழியர் ஆகவில்லை. "பிள்ளை எத்தனை" என்று கேட்கக்கூடாது என வெளிப்படையாகத் தடுக்கும் சட்டம் தனியார் துறைக்கு நம் நாட்டில் இல்லை.

அரசாங்க வேலை என்றால் கொஞ்சம் வேறு கதை. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் 2001-இல் பால் வேறுபாடும் சேர்க்கப்பட்டது. கர்ப்பமாக இருந்த காரணத்துக்காகத் தற்காலிக ஆசிரியை ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது அந்தப் பிரிவுக்கு எதிரானது என்று 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் தமிழ்ப்பள்ளிகளில் தற்காலிக ஆசிரியை வேலைக்கு மனுப் போடுகிறார்கள், அவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆக, தொழிற்சாலையோ கடையோ கிளினிக்கோ, கேள்வி வரும் என்று எடுத்துக்கொண்டே போங்கள்.

முதலில் ஒரு தாளில் வாரத்தை எழுதுங்கள்

ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, எங்கே போகிறது, யார் கொண்டுபோய் விடுகிறார், யார் கூட்டி வருகிறார், இரவு யார் வீட்டில் என்று எழுதுங்கள். மனத்தில் கணக்குப் போடாதீர்கள், மனம் ஓட்டையை மறைத்துவிடும்.

கெடாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். இங்கே பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமும் வெள்ளி, சனி மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம், பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போனாலே போதும், பினாங்கு மாநிலம் வந்துவிடுகிறது. அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. கணவர் பிறையில் வேலை, மனைவி கூலிமில் வேலை, பிள்ளை பாடாங் செராயில் பாலர் பள்ளி என்று இருக்கும் குடும்பத்தில் மூவருக்கும் பொதுவான விடுமுறை நாள் சனி ஒன்றுதான், அதுவும் ஷிப்ட் வராமல் இருந்தால். வெள்ளிக்கிழமை பள்ளி இல்லை, அப்பா வேலையில், அம்மாவுக்கும் ஷிப்ட். அந்தக் கட்டத்தில் யார் பெயர்? பலருடைய ஏற்பாடு உடைவது இந்த வெள்ளிக்கிழமையில்தான். நேர்முகத் தேர்வில் "வார நாள் எல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து, முதல் மாதமே இரண்டு வெள்ளிக்கிழமை எமர்ஜென்சி லீவ் எடுப்பார்கள். கம்பெனியிலும் பலவகை உண்டு. சிலது கெடா விடுமுறையைப் பின்பற்றும், சிலது சனி ஞாயிறு, ஷிப்ட் ஓடும் இடங்களில் சுழற்சி முறை. எந்த வகை என்று தெரிந்துகொண்டு அந்தத் தாளைத் திரும்ப ஒருமுறை எழுதுங்கள்.

இன்னொரு ஓட்டை மதிய நேரம். தபிக்கா கெமாஸ் (அரசாங்கப் பாலர் பள்ளி), தமிழ்ப்பள்ளியில் இருக்கும் பாலர் வகுப்பு இரண்டுமே மதியத்தை ஒட்டி முடிந்துவிடும். அங்கிருந்து பிள்ளையை யார் வேனில் ஏற்றி எங்கே கொண்டுபோவார்? வேன்காரர் வராத நாளில் யார்?

12 மணி நேர ஷிப்ட்டுக்கு மனுப் போடுகிறவர்கள் இதையும் பாருங்கள். காலை 7 மணி ஷிப்ட் என்றால் பஸ் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும். இரவு 7 மணிக்கு வேலை முடிந்தால் வீடு வந்து சேர எட்டு மணி. பெரும்பாலான தாஸ்காக்கள் (குழந்தைப் பராமரிப்பு மையங்கள்) காலை ஏழு மணி வாக்கில் திறந்து மாலை ஆறு மணி வாக்கில் மூடுகின்றன. இந்த இரண்டையும் தாஸ்கா மட்டும் வைத்து இணைக்க முடியவே முடியாது. நடுவில் கணவரோ பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ இருந்தாக வேண்டும். அப்படி யாரும் இல்லை என்றால் 12 மணி நேர வேலைக்கு மனுப் போடாமல், ஆபீஸ் நேர வேலையோ எட்டு மணி நேர ஷிப்டோ தேடுவது மேல்.

பிள்ளையை விடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தாஸ்கா, அதற்கு மேல் தாடிகா (பாலர் பள்ளி). வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பிள்ளைகளுக்குக் குறையாமல் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே நடத்தினாலும் அப்படித்தான், பத்துப் பிள்ளைக்குக் குறைவாக இருந்தால் அது வீட்டுத் தாஸ்கா. பதிவுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதோடு எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். ஒரே அக்கா எட்டுக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடும் இடத்தில் பிள்ளையை விட்டால், நீங்கள் லைனில் நின்றாலும் மனம் அங்கேயே கிடக்கும்.

மூன்று பிள்ளைகளுக்குள் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மா பதிவு செய்யத் தேவையில்லை. நம் ஊரில் பாதி ஏற்பாடு இப்படித்தான் நடக்கிறது, நல்லபடியாகவும் நடக்கிறது. ஒரே குறை, அந்த அம்மாவுக்கே காய்ச்சல் வந்தாலோ, தைப்பூசத்துக்குப் போனாலோ மாற்று ஆள் கிடையாது. அதனால் முதல் ஆள் யார் என்று முடிவு செய்யும் அன்றே இரண்டாம் ஆள் யார் என்பதையும் பேசி வைத்துவிடுங்கள். இரண்டாம் ஆளுக்குத் தன் பெயர் பட்டியலில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், நாத்தனார் பெயரைச் சொல்லிவிட்டு வந்து, அந்த நாத்தனாருக்கே தெரியாமல் இருந்த கதையெல்லாம் உண்டு.

முதலில் விட்டுப் பழக்குங்கள். வேலை தொடங்கும் நாளும் பிள்ளை தாஸ்காவுக்குப் போகும் முதல் நாளும் ஒன்றாக இருக்கக்கூடாது. பிள்ளை அழுது, சாப்பிடாமல், சளி பிடித்து, ஒரு வழியாகப் பழகி முடிக்கச் சில வாரம் ஆகும்.

காசுக் கணக்கு

இதை நேர்முகத் தேர்வில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. ஊழியர் சேம நிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடித்தால் 1,513. சொக்சோவும் (பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதியும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். தாஸ்காவுக்கு மாதம் 450 என்று வைத்துக்கொள்வோம், கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம். இதை வைத்துக்கொண்டு "வேலைக்குப் போய் என்ன மிச்சம்?" என்று கேட்கும் மாமனார் எல்லா வீட்டிலும் இருக்கிறார். சேம நிதியில் உங்கள் 187-ஓடு முதலாளியின் பங்கும் சேர்ந்து உங்கள் பெயரில் ஏறுகிறது என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓ.டி (கூடுதல் நேர வேலை) கணக்கைத் தனியாகப் போடுங்கள். 1,700-ஐ 26 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. வேலை நாளில் ஓ.டி ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. பல தாஸ்காக்கள் தாமதமாக வந்தால் தனிக் கட்டணம் வாங்கும். அது மணிக்குப் பத்து வெள்ளி என்றால், நீங்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்ததில் மிச்சம் இரண்டே கால் வெள்ளி. அந்த நாளில் ஓ.டி வேண்டாம் என்பதே சரியான கணக்கு. கணவர் வீட்டில் இருக்கும் நாளில் ஓ.டி எடுங்கள்.

பதிவு பெற்ற தாஸ்கா, தாடிகா கட்டணத்துக்கு ஆறு வயது வரையிலான பிள்ளைக்காக 3,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு கோரலாம். 1,700 வெள்ளி சம்பளத்தில் வரியே வராது, ஆகவே கணவர் வரி கட்டுகிறவர் என்றால் அவர் கோரட்டும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நர்ஸ், கணக்காளர் போன்ற வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிற பெண்களுக்கு டேலண்ட்கார்ப் என்ற அரசாங்க நிறுவனம் வழியாக 12 மாதம் வரை வருமான வரி விலக்குத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பக் கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரத்தில் எழுதுவது

இங்கே பல கம்பெனிகளின் விண்ணப்பப் பாரத்தில் திருமணமானவரா, பிள்ளைகள் எத்தனை, வயது என்ன என்று கட்டம் இருக்கும். பொய் எழுத வேண்டாம். ஆறு மாதம் கழித்து மருத்துவக் காப்புறுதிக்குப் பிள்ளை பெயரைக் கொடுக்கும்போது வெளியே வரும், அப்போது "பாரத்தில் பொய் சொன்னாய்" என்பதே தனிக் குற்றமாகிவிடும். உங்கள் சொந்த ரெஸ்யூமில் மட்டும் இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே இடைவெளியை மறைக்காமல் ஒரு வரி: "2021–2025: குடும்பப் பராமரிப்பு." அந்த நான்கு ஆண்டில் வேறு ஏதாவது செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுத்து விற்றிருந்தால், எத்தனை வாடிக்கையாளர், யார் கணக்கு வைத்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளராக இருந்திருந்தால் அது வேலை அனுபவம்தான். தையல், ஆன்லைன் விற்பனை எல்லாமே. வேலை தேடுவதற்கு பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பெயரைப் பதியுங்கள், பதிவு இலவசம்.

கேள்வியும் பதிலும்

தொழிற்சாலை நேர்முகத் தேர்வு பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும். "சியாப்பா ஜாகா அனாக்?" என்பார்கள். தமிழ் சூப்பர்வைசர் என்றால், "ஏம்மா, பிள்ளைய யாரு பாத்துக்குவா?" எந்த மொழியில் வந்தாலும் பதில் மூன்று வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. நீளமாகச் சொல்லச் சொல்ல, ஏற்பாடு இன்னும் முடியவில்லை என்றுதான் தோன்றும்.

தமிழில் இப்படி: "ஏற்பாடு முடிஞ்சது சார். பகல் ஷிப்டுக்குத் தாஸ்கா, நைட் ஷிப்டுக்கு என் வீட்டுக்காரர் இருக்கார். பஸ் டைமுக்கு நான் நிப்பேன்." மலாயில், "பெஞ்சாகாஆன் அனாக் சாயா சுடா டிஉருஸ்கான். சாயா போலே இக்குட் ஷிஃப்." (பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு முடிந்தது, ஷிப்ட் பார்க்க என்னால் முடியும்.) இவ்வளவுதான். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, முன்பு பார்த்த அம்மா ஊருக்குப் போய்விட்டார், பிள்ளை பால் புட்டி விடவில்லை என்பதெல்லாம் அங்கே வேண்டாம். அவர் அன்பாகக் கேட்டாலும் வேண்டாம். அன்பாகக் கேட்கும்போதுதான் நம் ஆட்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?" இது நியாயமான கேள்வி, வரத்தான் செய்யும். தாஸ்காக்களில் கை, கால், வாய் நோய் அடிக்கடி வருகிறது. வந்தால் பிள்ளை குணமாகும் வரை, ஒரு வாரம் பத்து நாள் கூட, வீட்டில்தான். தனியார் துறையில் பிள்ளையின் நோய்க்கென்று சட்டப்படி தனி விடுப்பு கிடையாது. மருத்துவ விடுப்பு உங்கள் சொந்த நோய்க்கு. ஆண்டு விடுப்போ முதல் இரண்டு ஆண்டுக்கு வருடம் 8 நாள்தான். ஒரு முறை அந்த நோய் வந்தாலே எட்டும் கரைந்துவிடும். ஆகவே "நான் லீவ் எடுத்துக்கொள்வேன்" என்பது பதில் அல்ல. "முதல் நாள் நான், அதற்கப்புறம் என் கணவரும் என் அம்மாவும் மாறி மாறிப் பார்ப்பார்கள், முன்கூட்டியே லீடருக்குச் சொல்லிவிடுவேன்" என்பது பதில். "ஒருபோதும் லீவ் எடுக்க மாட்டேன்" என்றும் சொல்லாதீர்கள். கேட்கிறவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும், நம்ப மாட்டார்.

"ஓ.டி செய்வீர்களா? விடுமுறை நாளில் கூப்பிட்டால் வருவீர்களா?" நீங்கள் எழுதிய வாரத் தாள் இங்கே கை கொடுக்கும். "செவ்வாய், புதன், வியாழன் முடியும். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் வருவேன்." நாளைச் சொல்லிப் பேசுகிறவரை ஆள் எடுப்பவர் நம்புவார். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி, 2023-க்கு முன் 48 ஆக இருந்தது. அதற்கு மேல் கேட்டால் அது ஓ.டி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"இத்தனை நாள் ஏன் வேலைக்குப் போகவில்லை?" இதற்குத் தலை குனிய எதுவும் இல்லை. "பிள்ளைகள் சின்னவர்கள், நான்தான் வீட்டில் இருந்தேன். இப்போது இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள், நான் முழு நேரம் வேலை செய்ய முடியும்." அடுத்த மூச்சிலேயே வேலைக்கு வந்துவிடுங்கள்: "முன்பு மூன்று வருடம் எலக்ட்ரானிக் லைனில் இருந்தேன், மைக்ரோஸ்கோப் பார்த்துச் செக் பண்ணத் தெரியும்." குடும்பத்தைப் பற்றிய பதில் ஒவ்வொன்றையும் வேலை பற்றிய ஒரு வாக்கியத்தில் முடிப்பது நல்ல பழக்கம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

"இன்னும் பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" எனக்குப் பிடிக்காத கேள்வி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோதும் பிடிக்காதது. ஆணிடம் யாரும் கேட்பதில்லை. இதற்கு உண்மையான திட்டத்தைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. சிரித்த முகத்தோடு, "இப்போதைக்கு வேலையில் நிலைக்க வேண்டும் என்பதுதான் யோசனை" என்று சொல்லி நிறுத்துங்கள். மறுபடியும் தோண்டினால், "வேலைக்கு இது அவசியமா, புவான் (மேடம்)?" என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம், அப்படிக் கேட்கும் இடத்தில் சேரலாமா என்று நீங்களும் யோசிக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டியது: 2023 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆகியிருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்து, கடைசி நான்கு மாதத்துக்குள்ளும் வேலையில் இருந்திருந்தால் பேறுகாலப் படி உண்டு. உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் அந்தப் படி கிடைக்காது. கர்ப்பமாக இருக்கும் ஊழியரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்த 41ஏ பிரிவு தடை போடுகிறது. வேறு காரணத்துக்காக நிறுத்தியதாக முதலாளி சொன்னால் அதை நிரூபிப்பதும் அவர் பொறுப்பு.

"வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?" பெரும்பாலும் வயதான தமிழ் சூப்பர்வைசர்கள் கேட்பது, கெட்ட எண்ணத்தில் அல்ல. கணவர் வந்து சண்டை போட்டுப் பெண்ணைக் கூட்டிப்போன அனுபவம் அவருக்கு இருக்கும். "நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் வந்திருக்கேண்ணே" என்றால் போதும்.

தனித்து வாழும் தாய்மாருக்கு இந்தக் கேள்விகள் இரண்டு மடங்கு கூர்மையாக வரும். கணவர் இறந்ததையோ பிரிந்ததையோ விளக்க வேண்டியதில்லை. "வருமானம் முழுக்க என் பொறுப்பு, அதனால் வேலையை விடும் எண்ணம் எனக்கு வராது" என்று ஒரு தாய் சொன்னபோது, அந்த அறையில் அடுத்த கேள்வியே எழவில்லை.

அப்பாக்களுக்குச் சில வார்த்தை

ஆண்களிடம் இந்தக் கேள்வி வருவதில்லை என்பதால் இந்தப் பகுதி சின்னது. ஆனால் மனைவி வேலைக்குத் திரும்பும்போது உங்கள் வேலை நேரமும் மாறியாக வேண்டும். லாரி ஓட்டுகிறவரோ செம்பனை ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவரோ, அடுத்த மாத ரோஸ்டரை (ஷிப்ட் அட்டவணையை) படம் பிடித்து மனைவிக்கு அனுப்புங்கள். புது வேலைக்கு நீங்கள் நேர்முகத் தேர்வுக்குப் போனால், "மனைவியும் ஷிப்ட் வேலை, வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையை நான்தான் கூட்டி வர வேண்டும்" என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. 2023 முதல் தந்தைக்கும் ஏழு நாள் தொடர்ச்சியான சம்பள விடுப்பு உண்டு. திருமணமாகி, அந்த முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்து, மனைவி பிரசவிப்பதற்கு 30 நாள் முன்னதாகத் தெரிவித்திருக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை.

நீங்கள் கேட்க வேண்டியவை

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். நம்மவர்கள் "இல்லை சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். நான் ஆள் எடுத்த காலத்தில், இந்த இடத்தில் ரோஸ்டரைப் பற்றிக் கேட்டவர்கள்தான் பெரும்பாலும் நின்று வேலை செய்தார்கள். ரோஸ்டர் எத்தனை நாள் முன்னதாகத் தெரியும்? பகல் ஷிப்டிலிருந்து நைட் ஷிப்டுக்கு மாறுவது வாரத்துக்கு ஒரு முறையா, மாதத்துக்கு ஒரு முறையா? பஸ் எங்கே நிற்கும், பாடாங் செராய்க்கு அது முதல் ஸ்டாப்பா கடைசி ஸ்டாப்பா? முதல் ஸ்டாப் என்றால் காலையில் அரைமணி நேரத் தூக்கம் போகும், மாலையில் கடைசியாக இறங்குவீர்கள். ஷிப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ள விடுவார்களா?

கைப்பேசி கேள்வியை மறக்காதீர்கள். பல தொழிற்சாலைகளில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாஸ்காவிலிருந்து அழைப்பு வந்தால் பத்து மணி இடைவேளை வரை உங்களுக்குத் தெரியாது. "அவசரம் என்றால் எந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லலாம்?" என்று கேளுங்கள். லைன் லீடரின் எண்ணோ காவலர் அறை எண்ணோ கொடுப்பார்கள்.

வேலை கிடைத்த பிறகு

நியமனக் கடிதத்தில் ஷிப்ட் நேரம், ஓய்வு நாள், தகுதிகாண் காலம் மூன்றும் வாயால் சொன்னபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் ஆபீஸ் நேரம் என்றும் கடிதத்தில் "தேவைக்கேற்ப ஷிப்ட்" என்றும் இருந்தால் அன்றே கேளுங்கள்.

நேரத்தை மாற்றிக் கேட்க இப்போது சட்டப்படி வழி இருக்கிறது. வேலைச் சட்டத்தின் 60பி (60P), 60கியூ (60Q) என்ற புதிய பிரிவுகளின்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, பதில் சொல்லாமல் இழுக்க முடியாது என்பதுதான் இதன் பலம். சேர்ந்த மறுநாளே இதைத் தூக்கிக்கொண்டு போவதை விட, தகுதிகாண் காலம் முடிந்து உறுதிக் கடிதம் வந்த பிறகு கொடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

"தற்போது என் வேலை நேரம் காலை 7 முதல் மாலை 4 வரை. என் பிள்ளையின் தாஸ்கா காலை 7 மணிக்குத்தான் திறக்கிறது. வேலை நேரத்தைக் காலை 8 முதல் மாலை 5 வரை மாற்றித் தரும்படி 60பி பிரிவின் கீழ் கேட்டுக்கொள்கிறேன். மாற்றம் தொடங்க வேண்டிய நாள்: ______. போக்குவரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் கிடையாது, அதை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்கும் முன்பே பதில் கடிதத்தில் இருக்கும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் மனிதவளப் பிரிவின் வாங்கியதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், 60 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். பதிலே வரவில்லை என்றால் அந்த நகலோடு அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்துக்குப் போங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும் மூடியிருக்கும், ஞாயிறு காலை போகலாம்.